வாயில்லா ஜீவன்

மார்ச் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை. விளம்பரப் படங்கள் எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றின் பின்பக்க மைதானத்தில், முதுகு நிறைய மூட்டைகளோடு ஒரு கழுதை இரண்டாவது நாளாகக் காலையிலிருந்து வெயிலில் நின்றுகொண்டிருந்தது.

சக்கரம் வைத்த பயணப்பெட்டிக்கான விளம்பரம் அது. மூட்டை சுமக்கும் கழுதை பாதி வழியில் மண்டிபோட வேண்டும். அதைக் கம்பால் அடித்து எழுப்ப வேண்டும். பக்கத்தில் ஒருவன் தன் பெட்டியை ஒரே விரலால் இழுத்துக்கொண்டு சிரித்தபடி போக வேண்டும். அவனுக்குச் சிரிப்பு சரியாக வரவில்லை. அதனால் கழுதை திரும்பத் திரும்ப மண்டிபோட்டது.

"தலையை இன்னும் தொங்கப் போடு! காதை ஆட்டாதே!" என்று டைரக்டர் மைக்கில் கத்தினார். தலை தொங்கியது. காது நின்றது.

பெட்டிக் கம்பெனி முதலாளி தூரத்தில் குடைக்கு அடியில் உட்கார்ந்து ரசித்துக்கொண்டிருந்தார். கழுதை உதைக்கும் என்று டைரக்டர் எச்சரித்திருந்ததால் அந்த நாற்காலியைவிட்டு அவர் நகரவே இல்லை.

"கம்ப்யூட்டர் கழுதையெல்லாம் வேணாம், நிஜக் கழுதைதான் வேணும்னு ஒத்தைக்கால்ல நின்னேன். எங்கேருந்தோ பிடிச்சிட்டு வந்துட்டாரே மனுஷன்!" என்றார் மேக்கப்காரரிடம். "என்ன பணிவு பாருங்க. என் மாப்பிள்ளைகூட இப்படிச் சொன்ன பேச்சு கேட்டதில்லை."

மேக்கப்காரருக்குத் திடீரென்று இருமல் வந்தது.

அப்போதுதான் ஜீப் வந்து நின்றது. இறங்கியவர் பிராணிகள் நல அதிகாரி. இளம் பெண், முகத்தில் சிரிப்பு என்பது மருந்துக்கும் இல்லை.

"ஷூட்டிங்கை நிறுத்துங்க. புகார் வந்திருக்கு."

"என்ன புகார் மேடம்?" என்றார் டைரக்டர்.

"காலையிலேர்ந்து சொட்டுத் தண்ணி காட்டலையாம். வெயில்ல நிக்க வெச்சுக் கம்பால அடிக்கறீங்களாம். நேத்து ராத்திரி பூரா இடுப்பு வலியில ஒரு பொட்டுத் தூக்கம் இல்லையாம்."

டைரக்டர் விழித்தார். "இடுப்பு வலியா? இதையெல்லாம் யார் சொன்னது?"

"பேரெல்லாம் சொல்ல மாட்டோம். போன்ல ஒரு அம்மா தேம்பித் தேம்பி அழுதாங்க. ஒரு கழுதைக்காக அழறதுக்கு இந்தக் காலத்துலயும் ஆள் இருக்காங்க சார். நீங்களும் இருக்கீங்க!"

"மேடம், விஷயம் என்னன்னா... அந்தக் கழுதை வந்து..."

டைரக்டர் குடைப் பக்கம் பார்த்தார். முதலாளி எழுந்து வேகமாக வந்துகொண்டிருந்தார்.

"அந்தக் கழுதை வந்து?"

"ரொம்ப நல்ல கழுதை மேடம்."

அதிகாரி கொஞ்சம் தள்ளியே நின்று கழுதையை ஆராய்ந்தார். பயந்துபோயிருக்கும் பிராணியிடம் புது ஆள் நெருங்கக் கூடாது என்பது அவர்கள் துறையின் விதி. கழுதையின் வயிறு ஏறி ஏறி இறங்கியது. பின்னங்கால் ஒன்று மடங்கி, தள்ளாடி, எப்படியோ சமாளித்து நின்றது.

"மூச்சு எப்படி வாங்குது பாருங்க. இன்னும் கொஞ்ச நேரம் போனா பொத்துனு விழுந்துடும். உயிர் போச்சுன்னா யார் பதில் சொல்றது?"

"நாங்களும்தான் மேடம் காலையிலேர்ந்து வெயில்ல நிக்கறோம்."

"உங்களுக்கு வாய் இருக்கு. தாகம்னா கேப்பீங்க. முடியலைன்னா வீட்டுக்குப் போயிடுவீங்க. வாயில்லா ஜீவன் என்ன பண்ணும்?"

"அப்போ மனுஷங்களுக்கு இந்த மாதிரி சட்டம் ஏதாவது..."

"அது என் டிபார்ட்மென்ட் இல்லை."

முதலாளி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். விஷயம் தெரிந்ததும் டைரக்டர் மேல் பாய்ந்தார். "தண்ணிகூடவா குடுக்கல? ஊர்ல என் பெட்டியை எவன்யா வாங்குவான்? மேடம் என்ன சொல்றாங்களோ அப்படியே செய்யுங்க!"

மேடம் சொன்னார். கம்பு கூடாது. மணிக்கு ஒரு தரம் ஓய்வு. நிழலுக்குக் கூடாரம், காற்றுக்கு ஃபேன், வாளி நிறையக் குளிர்ந்த தண்ணீர். இருட்டுவதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். நாளைக்கு முழு நாள் லீவு. மீறினால் விளம்பரமே வெளிவராது.

டைரக்டர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவருடைய யூனிட்டில் இதுவரை யாரும் இத்தனை சலுகை வாங்கியதில்லை.

மூட்டைகளை இறக்கி, கழுதையைக் கூடாரத்துக்குள் நடத்திக்கொண்டு போனார்கள். ஃபேனும் வாளியும் உள்ளே போவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அதிகாரி ஜீப்பில் ஏறினார். முதலாளி தன் டிரைவரை அழைத்து, நல்ல பச்சைப் புல்லாகப் பார்த்து ஒரு கட்டு வாங்கி வரச் சொல்லிவிட்டுப் புறப்பட்டார். கூடாரத்தின் திரை இறங்கியது.

உள்ளே மடக்மடக்கென்று தண்ணீர் இறங்கும் சத்தம் வெகுநேரம் கேட்டது. பின்னங்கால் பொறுமையிழந்து தரையைத் தட்டியது. பிறகு வாலுக்குக் கீழிருந்து ஒரு குரல் வந்தது.

"எல்லாத்தையும் நீயே குடிச்சிடாதே மச்சான். போன் பண்ணது என் பொண்டாட்டி!"