நீலச் சால்வை

“முத்தலிப் சேர் புத்தகத்தத் திறந்தும் பார்த்திருக்கமாட்டார் சிபானா. இண்டைக்கு நாம நாறப் போறம்!”

சிவரூபினிக்கு வியர்த்துக் கொட்டியது. சிறுவர் நாவலை எழுதியவள் சிபானா டீச்சர். படம் வரைந்தவள் சிவரூபினி. மருதமுனை மண்டபத்தில் இன்று அதன் வெளியீடு.

“பதறாத புள்ள. சால்வை பார்த்துக்கொள்ளும்.”

“சும்மா இரு! அது நீ எழுதின கதை.”

கதையில் அப்னா, அக்ரம், தினுஜன் என்று மூன்று கூட்டாளிகள். அவர்களிடம் தறியில் நெய்த ஒரு நீலச் சால்வை. அதைப் போர்த்தியவர் வாயில் பொய் வராது. மீன்காரர் போர்த்தினால், “நேற்றைய மீன், நேற்றைய மீன்!” என்று கூவித்தான் விற்பார். கதை இப்படிப் போகும்.

சிபானா கதையோடு விட்டாளா? முன்வரிசைகளில் இருந்த நாற்பது பிள்ளைகளிடமும், “சால்வை மெய்தான், இண்டைக்குப் பாருங்க” என்று அடித்துச் சொல்லிவிட்டாள். கதையில் உள்ளபடியே சிவப்புக் கரை வைத்து ஒன்றை நெய்வித்தும் கொண்டுவந்திருந்தாள். அதைப் பொன்னாடையாகப் போர்த்தப் போவது, புத்தகத்தைப் பாராட்டி நயவுரை பேச வந்திருந்த முத்தலிப் சேருக்கு.

முத்தலிப் சேரைத் தெரியாதவர் கல்முனையில் உண்டா? எந்தப் புத்தகம் வெளிவந்தாலும் மேடையில் இருப்பார். பேச்சு ஒன்றுதான். புத்தகத்தின் பெயரும் எழுதியவர் பெயரும் மட்டும் மாறும். வாசிக்காமலே பேசுகிற மனிசன் என்று ஊரே அவரைக் கேலி பண்ணும்.

“சால்வையப் போத்திக்கிட்டு, ‘வரிக்கு வரி வாசிச்சன்’ எண்டு அளக்கப் போறார். ‘டீச்சர் ஏமாத்திட்டா’ எண்டு பிள்ளைகள் எழும்பிப் போயிருவாங்க. பிறகு ஒருத்தரும் புத்தகத்தத் தொடமாட்டாங்க.”

“எழுதின எனக்கே நம்பிக்கை இல்லாட்டி, வாசிக்கிற பிள்ளைக்கு எப்படி வரும்?”

சொல்லிவிட்டு சிபானா விறுவிறு என்று மேடையேறினாள்.

பொன்னாடை போர்த்தப்பட்டது. பிள்ளைகள் கதிரையில் ஏறி நின்று, “நீலச் சால்வை! நீலச் சால்வை!” என்று கத்தினார்கள்.

சேர் மைக்கைப் பிடித்தார். “அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். இந்த அருமையான நாவலை நான்...”

நின்றார். தொண்டையைச் செருமினார்.

“நான் வரிக்கு வரி...”

வாய் ஒரு பக்கம் கோணியது. சால்வையை ஒரு முறை குனிந்து பார்த்தார்.

“என்னடா இது, நினைக்கிறது ஒண்டு, வாறது வேற! பிள்ளைகள், உண்மையச் சொல்லிர்றன். நான் இந்தப் புத்தகத்த வாசிக்கவே இல்ல! ஒரு பக்கமும் வாசிக்கல்ல!”

மண்டபமே அதிர்ந்தது. பிள்ளைகள் துள்ளிக் குதித்து, புத்தக மேசையை மொய்த்தார்கள். “இப்பவாவது ஒத்துக்கிட்டாரே!” என்று பின்வரிசையில் யாரோ உரக்கச் சொல்ல, பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கொண்டுவந்த புத்தகம் ஒன்றுகூட மிஞ்சவில்லை. சிவரூபினி வாய் பிளந்து நின்றாள்.

கூட்டம் கலைந்ததும் சிபானா ஓடினாள். மேடைக்குப் பின்னால் சேர் தனியாக நின்று சால்வையை மடித்துக்கொண்டிருந்தார். அவளுக்குச் சங்கடமாகப் போய்விட்டது.

“மன்னிச்சுக்கங்க சேர். என்னால உங்கட மரியாதை போயிட்டு.”

“அத விடுங்க மகள். ஒரே ஒரு விசயம். ஒம்பதாம் அத்தியாயத்தில அப்னாட சைக்கிள் பெல் கழண்டு கடலுக்க போகுது. பதினாலாம் அத்தியாயத்தில அதே பெல்ல அடிச்சிக்கிட்டு வாறா. அடுத்த பதிப்பில திருத்திருங்க.”