தனபாக்கியம் அக்காவின் இடது கை

நவம்பர் 16, சனி.

நேற்று நான் சொன்னது தவறு.

தனபாக்கியம் அக்காவின் கையில் இருப்பது எழுத்துதான்.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தப்பினால் எங்காவது என்னை நல்லவளாக்கிக்கொண்டு விடுவேன்.

நேற்று மதியம், பனியன் கம்பெனியில் சாப்பாட்டு நேரம். செக்கிங் மேசையில் பிசிறு வெட்டும் தனபாக்கியம் அக்கா என்னிடம் வந்தார். சேலைக்கு மேல் டி-ஷர்ட். ஏற்றுமதியில் கழித்துக்கட்டிய சரக்கு. தீபாவளிக்குக் கம்பெனி எல்லோருக்கும் கொடுத்தது. முதுகில் ஆங்கிலத்தில், 'மாப்பிள்ளை நானில்லை, எனக்கு பியர் ஊற்றுங்கள்' என்று இருக்கும். எங்கள் தளத்தில் பாதிப் பெண்கள் அதைப் போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறார்கள்.

படிக்கத் தெரிந்தவர்கள் ஒருநாள் சிரித்தோம்.

பிறகு அதுவும் பழகிவிட்டது.

அக்கா இடது கையை நீட்டினார். முழங்கைக்குக் கீழே, மேலிருந்து கீழாக மூன்று எழுத்துகள். புதிதாகக் குத்திய பச்சை.

"அம்மிணி, நீ சாயங்காலம் ஜப்பான் பாஷை படிக்கிறியாமா. இதென்னன்னு பாத்துச் சொல்லு."

அது அவர் மகன் கிருபாகரன் கையில் இருந்தது. இதே கம்பெனியில் லேபிள் தைக்கும் பிரிவில் இருந்தான். ஆடியில் பல்லடம் சாலையில் அடிபட்டுப் போய்விட்டான்.

என்னடா எழுதியிருக்கிறாய் என்று அம்மா கேட்டபோதெல்லாம் சிரித்திருக்கிறான்.

அவன் போனில் தன்னைத்தானே எடுத்துக்கொண்ட படம் ஒன்றுதான் மிச்சம். அதில் கை தெரிகிறது. பச்சை குத்துகிறவரிடம் அந்தப் படத்தைக் கொடுத்து, கோடு மாறாமல் அப்படியே தன் கையிலும் குத்திக்கொண்டு விட்டார் அக்கா.

சொந்தக்காரப் பையன்கள் அந்தப் படத்தைப் போனில் போட்டுத் தேடியிருக்கிறார்கள். ஒன்றும் வரவில்லை.

பக்கத்தில் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டிருந்த மயிலாத்தாள் அக்கா விடவில்லை.

"பொண்ணு பேராத்தான் இருக்கும். ஜப்பான்காரி மருமகளா வந்திருந்தா கம்பஞ்சோறு ஆக்கத் தெரிஞ்சிருக்குமா, தனம்."

தனபாக்கியம் அக்காவும் சிரித்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"பொண்ணு பேரா இருந்தாத் தேவலை கண்ணு. அந்தப் புள்ள எங்கியோ இருப்பாள்ல. போயி ஒருக்கா பாத்துட்டு வந்துருவேன்."

நான் பார்த்தேன். நடுவில் இருந்தது தெரிந்த எழுத்து. மேலே இருந்ததும் கீழே இருந்ததும் எந்த எழுத்தாகவும் இல்லை. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கியும் பார்த்தேன்.

ஆறு மாதம்தான் வகுப்புக்குப் போகிறேன். எனக்குத் தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம்.

"இது எழுத்தே இல்லீங்க்கா. சும்மா கிறுக்குனது" என்றேன்.

அக்கா தன் கையைச் சற்று நேரம் பார்த்தார். டி-ஷர்ட்டுக்குக் கீழே தொங்கிய தலைப்பை இழுத்து மூடினார்.

"செரி, உடு."

இன்று காலை, டீ நேரத்தில் அவரே வந்து சொன்னார். நாளை ஞாயிற்றுக்கிழமை, பச்சை குத்துகிறவரிடம் போகிறாராம். இதன்மேல் கறுப்பாக அடித்துவிட்டு, பக்கத்தில் கிருபாகரன் பெயரைத் தமிழில் குத்திக்கொள்ளப் போகிறாராம்.

"கிறுக்கலுக்கு எதுக்கு எடம்."

குரலில் ஒன்றும் இல்லை. விலை கேட்டுவிட்டு வாங்காமல் வந்தவர் மாதிரி இருந்தார்.

மாலை வகுப்பு. முடிந்ததும் கூடப் படிக்கும் ஒருத்தி கரும்பலகை முன் எல்லோரையும் நிறுத்தி, தானும் சேர்ந்து நின்று செல்ஃபி எடுத்தாள். அங்கேயே காட்டினாள். முகங்கள் சரியாக இருந்தன. பலகையில் இருந்த எழுத்துகள் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திரும்பி இருந்தன.

சற்றுமுன் சத்தமாகப் படித்த வரி. என்னால் படிக்க முடியவில்லை.

கிருபாகரனின் படமும் அவனே இப்படி எடுத்துக்கொண்டதுதான். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அக்கா கையை எடுத்த படத்தை இடம் வலமாகத் திருப்பினேன்.

நடு எழுத்து மாறவில்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அது அப்படியேதான் இருக்கும். அதனால்தான் அதை மட்டும் நேற்று படித்திருக்கிறேன். கீழே இருந்தது முதல் வாரத்தில் கற்ற எழுத்து. மேலே இருந்ததை அகராதியில் தேடவேண்டியிருந்தது.

'நிழலில் காயவைக்கவும்.'

சட்டையின் உள்தையலில் இருக்கும் சலவைக் குறிப்பு.

ஜப்பான் ஆர்டர் வரும்போதெல்லாம் கிருபாகரன் நாள் முழுக்கத் தைத்த லேபிள். பார்த்துப் பார்த்து அந்த எழுத்து அழகாகத் தோன்றியிருக்கும். என்ன பொருளென்று அவனுக்கும் தெரிந்திருக்காது.

அதனால்தான் சிரித்திருப்பான்.

எங்கள் பாடப்புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க ஜப்பான் பெண்களின் பெயர்கள் இருக்கின்றன. ஏதாவது ஒன்றைச் சொன்னால் இங்கே யாருக்கும் தெரியப்போவதில்லை. பேருந்தில் வரும்போது ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தும் விட்டேன். சொல்வதற்கும் எளிதான பெயர்.

அக்கா அவளைத் தேடத் தொடங்குவார் என்பது இறங்கும்போதுதான் உறைத்தது.

சொல்லாமலே விட்டுவிடலாம் என்றும் தோன்றியது. நாளை மாலைக்குள் அது கறுப்புக் கட்டமாகிவிடும். யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள்.

களைப்பாக இருக்கிறது. இன்றைய பாடத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை.

நாளை: பச்சை குத்துகிறவர் கடை திறப்பதற்குள் அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். எழுத்துதான் என்று ஆரம்பிக்கக் கூடாது. பெண் பெயர் இல்லை என்பதை முதலில் சொல்ல வேண்டும்.