கிழக்கே பொங்கிய பால்

ஹைதராபாத் சைனிக்புரியில் புது ஃபிளாட்டின் கிரகப்பிரவேசம். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்ததில் எல்லோருக்கும் சந்தோஷம். தாரிணி மட்டும் கைக்குழந்தையை இடுப்போடு இறுக்கிக்கொண்டு, டம்ளர் பிடித்த கைகளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எதிர்வீட்டு சாந்தா ஆன்ட்டி பாலில் விரலைத் தொட்டுக்கொண்டு வருகிறார். "ஒரு சொட்டுதாம்மா. நல்ல நாள்ல நக்கோ, வேண்டாம்னு சொல்லாதே." "வேண்டாம் ஆன்ட்டி, இவனுக்குப் பால் அலர்ஜி. மேல பட்டாலே தடிச்சுடும்." விரல் மனசில்லாமல் இறங்குகிறது. கூடத்துக்கு நகர்கிறாள், அங்கேயும் டம்ளர்கள், சிந்திய பாலில் மொய்க்கும் ஈக்கள். பால்கனி வெயிலுக்கு வந்த பிறகுதான் மூச்சு விடுகிறாள். பின்னாலேயே கணவன் ஸ்ரீகாந்த் வருகிறான், முகமெல்லாம் சிரிப்பு. "நம்ம வீடுடா கண்ணா" என்று மகன் கன்னத்தில் அழுத்தி முத்தமிடுகிறான். அவன் மீசை நுனியில் வெள்ளையாய் ஒரு ஈரம். குழந்தை கிளுகிளுவென்று சிரிக்கிறான். சிரிக்கிற கன்னத்தில், அப்பாவின் உதடு பட்ட இடம் மட்டும் சிவந்து தடிக்கத் தொடங்குகிறது.