நான்காவது புகார்

முதல் புகார், லிஃப்ட். மாடி ஏறுவதற்குள் ஆஸ்துமாக்காரர் மாதிரி இழுத்தது.

இரண்டாவது, குளியலறைத் தரையின் வாட்டம். தண்ணீர் ஓட்டையைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் ஓடியது.

மூன்றாவது, வாசல் கதவு. மழைக்கு உப்பி மூட மறுத்தது. வெயிலுக்குச் சுருங்கி, மூடிய பிறகும் மாடிப்படியைக் காட்டியது.

குடியிருப்பைக் கட்டின கம்பெனி இந்த மூன்றையும் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

நான்காவது, படுக்கையறைச் சுவர். அடுத்த வீட்டுத் தையல்காரம்மா மெஷினை மிதித்தால் இந்தப் பக்கம் கட்டில் நடுங்கியது. இதற்கு மட்டும் கம்பெனி என்ஜினியர் ஓடோடி வந்தார். பழி போட வேறு ஆள் இருந்த புகார் இது ஒன்றுதானே!

புகார் கொடுத்தவருக்குக் குடியிருப்பு வைத்திருந்த பேர் ‘அங்கேயெல்லாம்’. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. மூன்று நாடுகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்று வந்தவர். வாயைத் திறந்தால் முதலில் விழுவது அந்தச் சொல்தான்.

"அங்கேயெல்லாம் ஒரு சுவருக்கு ரெண்டு சுவர் சார். நடுவுல பஞ்சை வச்சு அடைப்பான். முதல்ல இருந்த நாட்டுல கருங்கல் வீடு. அடுத்த நாட்டுல வெறும் மரம்தான், ஆனா பக்கத்துல இடி விழுந்தாலும் காதுல விழாது. கடைசி நாட்டுல எட்டு வருஷம் இருந்தேன். பக்கத்து வீட்ல யார் இருக்கான்னே எனக்குத் தெரியாது!"

"கொடுத்து வச்சவர்," என்றார் சங்கச் செயலாளர்.

"பையன் இப்பவும் அங்கதான். ‘வந்துடுப்பா, வந்துடுப்பா’ன்னு தினம் போன்ல உயிரை எடுக்கறான். நான்தான் பிடி கொடுக்கல."

என்ஜினியர் சுவரை இரண்டு தட்டுத் தட்டினார். "சுவர்ல ஒரு குறையும் இல்ல சார். குடியிருக்கிற வீட்டுல மெஷின் ஓட்டறதுதான் குறை."

சங்கத்துக்கு அது வசதியாகப் போயிற்று. கம்பெனியோடு மல்லுக்கட்டுவதைவிடத் தனியாக இருக்கும் ஒரு பெண்ணை அடக்குவது சுலபம். மெஷினை வீட்டைவிட்டு அகற்ற வேண்டும் என்று தீர்மானம் எழுதியாயிற்று. மெஷின் போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. அது எல்லோருக்கும் தெரியும். தெரிந்ததை யாரும் வாயால் சொல்லவில்லை.

"இருங்க, இருங்க. அங்கேயெல்லாம் சோதிச்சுப் பார்க்காம எதையும் முடிவு பண்ண மாட்டாங்க. சுவரோட லட்சணத்தை நிரூபிச்சே காட்டறேன்," என்றார் அவர்.

வாட்ச்மேனைத் தன் படுக்கையறையில் நிற்க வைத்தார். மெதுவாக ஏதாவது பேசச் சொல்லிவிட்டு, செயலாளர், என்ஜினியர், வேடிக்கை பார்க்க வந்த நாலு பேர் என்று எல்லோரையும் தையல்காரம்மா வீட்டு முன்னறைக்குக் கூட்டிப் போனார்.

சுவரிலிருந்து வாட்ச்மேனின் முணுமுணுப்பு வந்தது.

"என்னத்தப் பேசறது… இவங்களுக்கு வேற வேலை இல்ல. செயலாளர் வயித்தைப் பாரு, எட்டு மாசம் மாதிரி…"

எல்லோரும் சிரித்தார்கள், செயலாளரைத் தவிர.

"கேட்டீங்களா!" அங்கேயெல்லாம் துள்ளினார். "தனக்குத்தானே பேசிக்கிறது கூடப் பக்கத்துல நின்னு பேசற மாதிரி கேக்குது! இது சுவரா, திரைச்சீலையா?"

செயலாளர் கோபத்தைத் திருப்ப ஆள் தேடினார். தையல்காரம்மா அகப்பட்டார்.

"ஏம்மா, நாள் பூரா அடக்கமாத் தைக்கிறீங்களாம். சாயங்காலம் மட்டும் தடதடன்னு மிதிக்கிறீங்களாம். அப்படி என்ன அவசரத் தையல்?"

"தையல் இல்லைங்க. அப்ப நூலே கோக்க மாட்டேன்."

"நூல் இல்லாமலா? பின்ன எதுக்கு ஓட்டறீங்க?"

தையல்காரம்மா அளவு நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே நின்றார். "அந்த நேரத்துல அளவு குடுக்க நாலஞ்சு பொம்பளைங்க இங்க உக்காந்திருப்பாங்க சார். ஒரு காதுல விழுந்தா ஒன்பது வாய்க்குப் போகும்." சட்டென்று நிறுத்திக்கொண்டார். "விடுங்க சார். மெஷினை எடுக்கணும்னா எடுத்துடறேன்."

"என்னம்மா, சம்பந்தமே இல்லாமப் பேசறீங்க?" என்றார் செயலாளர்.

அங்கேயெல்லாம் சுவரைத் திரும்பிப் பார்த்தார். சாயங்காலம்தான் அவர் பையனுக்குப் போன் போடும் நேரம். கட்டிலில், இதே சுவரில் சாய்ந்துகொண்டு. ‘ஒரே ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிட்டுப் போடா… அப்பாவுக்குத் தனியா முடியலடா…’ நேற்றுக் குரல் உடைந்து அழுதபோதுகூட மெஷின் தடதடத்தது. ‘சனியன், நிம்மதியா அழக்கூட விடாது’ என்று சுவரைக் குத்தியிருந்தார்.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "சரி, தீர்மானத்தை வாசிக்கிறேன். எல்லாரும் சாட்சி."

"கொஞ்சம் குடுங்க." அங்கேயெல்லாம் தாளை வாங்கினார். ஒரு பேரை அடித்தார். மேலே வேறு பேர் எழுதித் திருப்பிக் கொடுத்தார்.

செயலாளருக்கு முகம் வெளுத்தது. "சார்… இது… இந்தப் பேரு உங்களுக்கு எப்படி…"

"சுவர் மெல்லிசுதானே சார். எனக்கும் எல்லாம் கேக்கும். சத்தமா வாசிங்க."

செயலாளர் அத்தனை பேர் முன்னாலும் வாசித்தார்:

"சத்தத்துக்குக் காரணமானவர், திருவாளர் அங்கேயெல்லாம்."