இரண்டு பூட்டுப் போட்ட பெட்டி

சொகுசுக் கப்பலில் சமையல் வேலைக்குப் புறப்பட்ட றிபாத், உம்மா பெட்டியில் வைத்த மாசிக் கருவாட்டுச் சம்பல் பார்சலை யாருக்கும் தெரியாமல் எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினான். கூடத் தங்கப்போகிறவர்கள் மூக்கைப் பொத்துவார்களோ என்று வெட்கம். விமானத்தில் ஏற்றும் பெட்டி என்பதால் இரண்டு பூட்டுப் போட்டு, சாவிகளைக் கழுத்தில் மாட்டிக்கொண்டான்.

கப்பல் அறையில் பார்த்தபோது பூட்டுகள் போட்டபடியே இருந்தன. திறந்தான். சட்டைகளுக்கு மேலே அந்தப் பார்சல் இருந்தது.

கல்முனை வீட்டுக்குப் போன் கோல் எடுத்தான். தங்கை முஸ்பிறா பேசினாள்.

"கட்டிலுக்கடியில நீங்க விட்டுட்டுப் போன பார்சல உம்மா கண்டுட்டா, காக்கா. இப்பயும் மடியிலதான் வெச்சிக்கிட்டு இரிக்கா."

அறைக் கதவை யாரோ தட்டினார்கள். றிபாத் பார்சலைத் தூக்கினான். மடிச்சூடு இன்னும் ஆறவில்லை. குனிந்து, அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினான்.