அண்ணி கையால் போணி

"போணி பண்ணும்போது வேணாங்கக் கூடாது," என்று பிடிவாதமாகப் போனில் பணம் அனுப்பிவிட்டுத்தான் அண்ணி நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அண்ணன் பெண்டாட்டியிடம் போய்க் காசு வாங்குவதா என்று எனக்குக் கூச்சம். ஆனாலும் மனசு குளிர்ந்துவிட்டது. என் வீட்டு முன்னறையில் எனக்கென்று வந்த முதல் வருமானம் அல்லவா!

நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு இடது புருவத்தில் ஆரம்பித்தேன்.

பழைய பார்லரை விட்டு வந்த அன்று, வேலைக்குச் சேரும்போது நான் கையெழுத்துப் போட்ட பத்திரத்தை முதலாளி மேடம் நீட்டினாள். விலகினால் ஒரு வருஷத்துக்கு இந்த ஊரில் காசு வாங்கிக்கொண்டு யார் முகத்தையும் தொடக் கூடாதாம். நூல் பிடிக்க அவளா கற்றுக் கொடுத்தாள்? தெரிந்துகொண்டுதானே போனேன்! ஒரு வருஷம் நான் எதைத் தின்பது, இந்த நூலையா?

இதெல்லாம் செல்லாது என்றார் வக்கீல். செல்லாது என்று நிரூபிக்கக் கோர்ட்டுக்கு நடையாய் நடக்க வேண்டும் என்றும் அவரேதான் சொன்னார்.

யாராவது கேட்டால், சொந்தக்காரர்களுக்குச் சும்மா செய்து விடுகிறேன் என்று சொல்லிவிடு என யோசனை கொடுத்ததே அண்ணிதான்.

இடது புருவம் கச்சிதமாக வந்தது. வலது பக்கம் திரும்பினேன்.

கதவு திறந்தது. மேடம்!

வாயில் நூல் இருந்தது. துப்பக்கூடத் தோன்றவில்லை. எப்படியும் அண்ணி சமாளித்துவிடுவாள் என்று அவளையே பார்த்தேன். வீட்டு ஆட்களுக்குள் ஏது காசு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிழைத்துக்கொள்வேன்.

அண்ணி தன் போனைத் திறந்து, எனக்குப் பணம் அனுப்பியதை மேடத்திடம் காட்டினாள்.

மேடம் அதைப் படம் எடுத்துக்கொண்டாள். கேஸுக்கு இது போதும் என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

அடிப் பாவி அண்ணி! எத்தனை மத்தியானம் என் பக்கத்தில் உட்கார்ந்து நூல் பிடிக்கப் பழகியவள்! நூலைத் துப்பிவிட்டு, ஏன் அண்ணி என்று கேட்டேன்.

அண்ணி கண்ணாடியில் தன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். பிறகு மறுபடி சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"அந்தப் பக்கத்தையும் முடிச்சு விட்டுடும்மா. நாளைக்கு அங்க உன் இடத்துல நான் சேரணும்."