கஞ்சாக் கடைக்கு ஒரு கூட்டம்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மலையடிவார நகரின் மன்றக் கூடத்தில் மழைநாளின் மாலை வெளிச்சம் சாம்பலாகப் படிந்திருக்கிறது. நூலகத்துக்கு எதிரே கஞ்சாக் கடைக்கு அனுமதி தரலாமா என்று ஊர் கூடியிருக்கிறது. குழந்தைகள் வார்டில் வேலை முடித்து, நர்ஸ் உடுப்போடு வந்த மார்லின் மைக் முன்னால் நிற்கிறாள். "கடை வந்தா வீட்டுக்கு வீடு கஞ்சா கலந்த ஜெல்லி மிட்டாய் கிடக்கும். சாதா மிட்டாய்னு நெனச்சுத் தின்ன மூணு வயசுப் புள்ள இன்னும் கண்ணு முழிக்கலைங்க." அடுத்து எழுந்திருப்பவர் அவளுடைய பக்கத்து வீட்டு வெர்ஜில். மரம் அறுத்துக் கூன் விழுந்த முதுகு. "எங்க வீட்டுக்காரிக்கு எலும்புல புற்றுநோய். அந்த மிட்டாய்தான் அவளத் தூங்க வைக்குது. அத வாங்க மலை தாண்டிப் போய்ட்டு வர்றேன். எனக்கும் முடியலைய்யா." மன்றத் தலைவி கண்ணைத் தேய்த்துக்கொண்டு, முடிவை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்கிறாள், போன மாதம் சொன்ன அதே குரலில். நாற்காலிகள் தரையில் கிறீச்சிடுகின்றன. எழுந்திருக்கத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருக்கும் மார்லினின் பக்கத்தில் வந்து அமர்கிறார் வெர்ஜில்.

"என் வீட்ல பேரப்புள்ளைங்க வந்து போறது எனக்கும் தெரியும்மா. நான் மிட்டாயப் பெட்டியில பூட்டித்தான் வெச்சிருக்கேன்."

"சாவிய எங்க வெப்பீங்க?" அவள் கண்ணை மூடியபடியே கேட்கிறாள்.

"அடுப்படில கொக்கி இருக்குல்ல, அதுல..."

உயரத்தைக் காட்டத் தூக்கிய கை அவருடைய நெஞ்சளவுக்கு வந்து, பேரப்பிள்ளைக்கு எட்டிவிடும் உயரத்தில் நின்றுவிடுகிறது. வெர்ஜில் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.